வெளியில் வைத்துக் காய்ச்சுங்கள்

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கை எழுதுவது. நானும் அப்பாவும் நன்றாக இருக்கிறோம். அங்கே அடிக்கிற குளிர் உனக்கு ஒத்துக்கொண்டதா? போன வருஷம் போலக் குதிகாலில் வெடிப்பு வந்ததா? வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

போன வாரம் போன் கடையில் நீ கேட்டதற்கெல்லாம் நான் "ம்" என்று மட்டும் சொன்னதற்கு அப்பா வழி முழுக்கச் சிரித்தார். "அவ கடல் தாண்டி இருந்து கத்துறா, நீ பக்கத்துல இருக்கிற எனக்கே கேக்காம பேசுற"ன்னார். என் பின்னால் நாலு பேர் நின்றார்கள் அக்கா. எல்லோரும் என் கழுத்தையே பார்த்த மாதிரி இருந்தது. கடிதம் என்றால் யாரும் பார்ப்பதில்லை. அதனால் இனி எழுதுகிறேன். உன் கடிதங்களை அப்பாவுக்கு நான்தான் வாசிக்கிறேன். பள்ளிக்கூடத்தில் எழுந்து நின்று வாசிக்கச் சொன்னால் எனக்குக் குரலே வராது, அதனால்தானே பள்ளிக்கூடத்தை விட்டே நின்றேன். அப்பாவிடம் மட்டும் வருகிறது. அவருக்கு எண்களைத் தவிர எழுத்து தெரியாததால் நான் தப்பாக வாசித்தாலும் திட்ட மாட்டார்.

கொட்டகை வேலை நன்றாகப் போகிறது. வாரத்தில் மூன்று நாள் அப்பா தள்ளுவண்டியோடு ஆறு சமையற்கூடங்களுக்குப் போய்ப் பொரித்து மிஞ்சிய எண்ணெயைக் கொண்டுவருகிறார். வடிகட்டுவதும் மஞ்சள் சோதனையும் என் வேலை. எண்ணெய் எவ்வளவு புளித்திருக்கிறது என்று மஞ்சள்தூள் கரைசல் எத்தனை சொட்டுக் காஸ்டிக் சோடாவில் சிவக்கிறது என்று பார்த்துச் சொல்லிவிடுவேன். மருத்துவமனை எண்ணெய் சுத்தம். பேருந்து நிலையத்துக் கடை எண்ணெயைப் பற்றி எழுதினால் நீ அங்கே சாப்பிட மாட்டாய்.

அப்புறம் அப்பா காஸ்டிக் சோடாவையும் மெத்தனாலையும் கலந்து எண்ணெயில் ஊற்றிக் கலக்குவார். மறுநாள் மேலே தேன் நிறத்தில் பயோடீசல் நிற்கும், அடியில் கறுப்பாகக் கசடு தங்கும். பள்ளி வேன் இப்போது முழுக்க நம் டீசலில்தான் ஓடுகிறது. புகையில் பொரித்த வாசனை வருவதால் பிள்ளைகளுக்கெல்லாம் வழியிலேயே பசிக்கிறதாம். "மதியச் சாப்பாட்ட காலையிலயே முடிச்சிடுறாங்க, டீச்சர் என்னத் திட்டுறாங்க" என்று வேன்காரர் அப்பாவிடம் சண்டைக்கு வந்தார்.

ஒரு தொல்லை. மெத்தனால் மாதம் ஒரு பீப்பாய்தான் தருகிறார்கள். பாதி மாதம் சும்மா உட்கார்ந்திருக்கிறோம். கசடில் மெத்தனால் மிச்சம் இருக்கிறது என்று அப்பாவுக்குத் தெரியும், அதை எடுக்கத்தான் தெரியவில்லை. "பெரியவளக் கேளு. அவ அங்க கண்ணாடிக் குழாய வச்சுக்கிட்டு வேற என்ன செய்றா" என்றார்.

பக்கத்து வீட்டுத் தையலம்மா நேற்றும் வந்து கத்தினார். "கல்யாணக் கோட்டு தச்சுக் குடுத்தா, மீன் பொரிச்ச வாடை அடிக்குதுன்னு மாப்பிள்ளை வீட்ல திருப்பி அனுப்பிட்டாங்க! நான் எங்க போய்ச் சொல்றது?" அப்பா இல்லை. நான் பீப்பாய்க்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டேன். அரை மணி நேரம்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
உன் தங்கை


பிப்ரவரி 2

என் அருமை ஊமைக்குயிலுக்கு,

நான் சௌக்கியம். வெடிப்பு வந்தது, போய்விட்டது. உன் கடிதத்தை எங்கள் அறையில் நாலு தடவை படித்தேன். வாய் திறக்காதவளுக்குள் இவ்வளவு வாயா! பீப்பாய்க்குப் பின்னால் ஒளிகிற வயதா உனக்கு? பதினாறு முடிந்துவிட்டதடி.

அப்பாவிடம் சொல்: இங்கே எண்ணெய் தள்ளுவண்டியில் வருவதில்லை, கப்பலில் வருகிறது. எந்தெந்த நாட்டுச் சட்டியிலோ பொரிந்த எண்ணெய் எல்லாம் ஒரே தொட்டியில் வந்து சேருகிறது. மாதிரி எடுத்துச் சோதிப்பதுதான் என் வேலை. சில கப்பலில் புது எண்ணெயையே பழசு என்று ஏமாற்றி அனுப்புகிறார்கள் என்று சந்தேகம். பழசுக்குத்தான் மதிப்பு அதிகம், கேட்டாயா கூத்தை! ஒரு நாட்டில் சோயா, ஒரு நாட்டில் கடுகு இனம், இன்னொன்றில் பனை. பனைக்காகக் காட்டை வெட்டுகிறார்களே, இது என்ன நல்ல காரியம் என்று எங்கள் சாப்பாட்டு மேஜையில் தினமும் சண்டை. நான் அப்பாவின் கட்சி: மிஞ்சியதில் செய், புதிதாக எதையும் வெட்டாதே. நூறு வருஷத்துக்கு முன்பே ஒரு கண்காட்சியில் டீசல் எஞ்சினைக் கடலை எண்ணெயில் ஓட்டிக் காட்டினார்களாம். அப்புறம் பெட்ரோலியக்காரர்கள் காலம் வந்து எல்லோரும் மறந்துவிட்டார்கள். குளிர் அதிகமானால் நம் பயோடீசல் நெய் மாதிரி உறைந்துவிடும், அதற்கு இங்கே தனி வைத்தியம்.

கசடு விஷயத்துக்கு வருகிறேன். மூடியில் செம்புக் குழாய் பொருத்திய பாத்திரத்தில் கசடை மெதுவாகச் சூடாக்கினால், தண்ணீர் கொதிக்கும் சூட்டுக்கு வெகு முன்பே மெத்தனால் ஆவியாகிவிடும். குழாயைத் தண்ணீர் வாளிக்குள் சுற்றிவிட்டால் ஆவி குளிர்ந்து சொட்டும். வெளியில், முற்றத்தில் வைத்துக் காய்ச்சுங்கள், கொட்டகைக்குள் வேண்டாம், அடைத்த இடத்தில் அந்த ஆவி கண்ணைக் கெடுத்துவிடும். அடுப்பு நெருப்பு கூடாது, மின்சாரத் தட்டுதான். முதலில் சொட்டுவதைத் தனியாகப் பிடியுங்கள். அதை மறுபடி கலவைக்குப் பயன்படுத்தலாம்.

இடைவேளை மணி அடித்துவிட்டது. அவசரமாக முடிக்கிறேன். அப்பாவுக்கு என் வணக்கம். தையலம்மாவைப் பார்த்து ஒரு தடவையாவது சிரி.

உன் வாயாடி அக்கா


பிப்ரவரி 27

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீ எப்படி இருக்கிறாய்?

நீ சொன்னது பலித்துவிட்டது. அப்பா பழைய பிரஷர் குக்கர் மூடியில் துளை போட்டுக் குழாய் பொருத்தினார். முதல் சொட்டு விழுந்தபோது என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். "பாரு, பெரியவ அங்க இருந்துக்கிட்டே இங்க குழாயத் திறந்து விட்டுட்டா!" அன்று முழுவதும் போகிறவர் வருகிறவரிடமெல்லாம் இதே பேச்சு. ஆறு நாள் தொடர்ந்து காய்ச்சினார். நாலு பீப்பாய்க் கசடு தீர்ந்தது. இனி மாதம் முழுக்க வேலை இருக்கும்.

தையலம்மா இப்போது கத்துவதில்லை.

அப்பாவுக்கு இரண்டு நாளாகத் தலைவலியும் வாந்தியும். சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை போல. ரசம் வைத்துக் கொடுத்தேன். சரியாகிவிடும்.

உன் தங்கை


மார்ச் 22

குயிலே,

நலம். நலம். நலம். மூன்று தடவை எழுதும் அளவுக்கு நலம். அப்பாவின் தலைவலி போயிற்றா?

எங்கள் ஆலைக்கு ஜூன் மாதம் வேலை செய்பவர்களின் குடும்பத்தார் வந்து பார்க்கலாம் என்று அனுமதி கொடுத்திருக்கிறார்கள். நான் அப்பாவின் பெயரைக் கொடுத்துவிட்டேன். டிக்கெட் இந்தக் கடிதத்தோடு இருக்கிறது. கையில் பிடித்துக்கொண்டு வாசி!

அவர் பார்க்க வேண்டும். மூன்று மாடி உயரத்துக்கு ஒரு கண்ணாடித் தூண் இருக்கிறது. அதற்குள் கசடு கீழே இறங்குவதும் டீசல் மேலே தெளிவதும் கண் முன்னால் நடக்கும். நம் கொட்டகையில் ஒரு நாள் எடுப்பது இங்கே அரை மணியில். வெயில் படும்போது தூண் முழுக்கப் பொன்னாக நிற்கும். ஒவ்வொரு தடவையும் அப்பாவைத்தான் நினைப்பேன். அவர் பாட்டிலில் டீசலை ஊற்றி வெளிச்சத்துக்கு நேரே தூக்கி, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பாரே, அந்த முகம். வெளியே வந்தால் ஊர்ப் பேருந்துகள் வரிசையாக அதையே நிரப்பிக்கொண்டு போகும். யாரோ தின்று மிஞ்சியதில் ஒரு ஊரே வேலைக்குப் போகிறது.

ஒரு விஷயம் நீ அப்பாவிடம் சொல்ல வேண்டும். எனக்கு நேரே சொல்லத் தெரியாது. நான் கிளம்பிய அன்று அவர் வாசலுக்கு வரவில்லை. கொட்டகையிலேயே இருந்துவிட்டார். அது என் மனசில் இல்லை என்று சொல். வந்து பார்த்தால் போதும்.

எதிர்பார்த்திருக்கும்,
அக்கா


ஏப்ரல் 19

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் நலம் அறிய ஆவல்.

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். அப்பாவால் வர முடியாது. வேன்காரருக்கு இன்னொரு வேன் வந்திருக்கிறது, வேலை ஓயவில்லை. அதோடு அவருக்கு விமானம் என்றால் பயம். வயதாகிவிட்டது, இனி எங்கே பார்க்கப் போகிறேன் என்று சொன்னார். டிக்கெட்டைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். வீணாகாமல் மாற்றிக்கொள்ள முடியுமா?

வாசல் விஷயத்தைச் சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை.

உன் தங்கை


ஜூன் 14

அன்புள்ள அக்காவுக்கு,

இரண்டு மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. போன் கடைக்கும் நீ கூப்பிடுவதில்லை என்று கடைக்காரர் சொன்னார். அப்பா உன் மேல் இன்னும் கோபமாக இருக்கிறார் என்று நீ நினைத்துக்கொண்டிருப்பாய். அப்படி நினைக்காதே அக்கா. அதைவிட இதைச் சொல்லிவிடலாம் என்று எழுதுகிறேன். அப்பா சொல்லக் கூடாது என்றார். அவருக்குத் தெரியாமல் எழுதுகிறேன்.

அப்பாவுக்குக் கண் தெரியவில்லை.

கசடு காய்ச்சி முடித்த பிறகு தலைவலி வந்தது என்று எழுதினேன் இல்லையா. மூன்றாம் நாள் காலையில் எழுந்து, "ஏண்டா குட்டி, பனியா வெளில?" என்று கேட்டார். வெயில் அடித்துக்கொண்டிருந்தது. "எல்லாம் பால ஊத்தின மாதிரி இருக்கு" என்றார். நாலைந்து நாளில் பாலும் போய்விட்டது. மருத்துவமனையில் என்ன வேலை செய்கிறார் என்று கேட்டார்கள். மெத்தனால் ஆவி என்றார்கள். தலைவலி வந்த அன்றே கூட்டிவந்திருந்தால் மருந்து இருந்ததாம். நான் ரசம் வைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

உன் டிக்கெட் வந்தபோது அவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். நான் வாசித்தேன். கண்ணாடித் தூண் வந்த இடத்தில் "இன்னொரு தடவ வாசி" என்றார். வாசித்தேன். டிக்கெட்டை வாங்கி விரலால் நாலு பக்கமும் தடவிப் பார்த்தார். "அவளுக்கு எழுதாத. தான் சொல்லிக் குடுத்ததாலதான்னு நெனப்பா. அங்க யாரும் இல்லாம ஒத்தையா இருக்கா. பயமா இருக்குன்னு எழுது. கெழவனுக்குப் பயம்னா யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க."

வாசல் விஷயத்தைச் சொன்னதற்கு ஒன்றும் சொல்லவில்லை என்று எழுதியதும் பொய். அன்று கொட்டகைக்குள் அழுதுகொண்டிருந்ததாகச் சொன்னார். அழுத முகத்தோடு உன்னை அனுப்பக் கூடாது என்று நினைத்தாராம்.

இப்போது வேலையை நான் செய்கிறேன். தள்ளுவண்டியை வேன்காரரே இழுத்துத் தருகிறார். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து மோந்து பார்த்தே சொல்கிறார், இது பேருந்து நிலையம், இது மருத்துவமனை என்று.

நீ சாப்பிடு. பட்டினி கிடக்காதே.

உன் தங்கை


ஜூன் 30

தங்கைக்கு,

போன் கடையில் அப்பாவிடம் பேசினேன். "எனக்கு ஒண்ணுமில்லம்மா, நல்லா இருக்கேன், ஒண்ணுமில்ல" என்று அதையே சொல்கிறார். நீயாவது சொல்.

எங்கே வைத்துக் காய்ச்சினீர்கள்? கொட்டகைக்குள்ளேயா? கதவு திறந்திருந்ததா? நான் அந்தக் கடிதத்தில் வெளியில் வைத்து என்று எழுதினேனா இல்லையா? எவ்வளவு யோசித்தாலும் நினைவு வரவில்லை. குழாய், வாளி, மின்சாரத் தட்டு எல்லாம் எழுதியது ஞாபகம் இருக்கிறது. மணி அடித்ததும் ஞாபகம் இருக்கிறது. அதை எழுதினேனா? இங்கே எங்களுக்கு அது மூச்சு விடுவது மாதிரி, யாருக்கும் சொல்லத் தேவையில்லாத விஷயம். அதனால் விட்டிருப்பேனோ?

அந்தக் கடிதத்தைத் தேடி எடு. மூன்று தாள், இரண்டு பக்கமும் எழுதியது. எடுத்து அந்த இடத்தைப் பார்த்து எனக்கு எழுது. தாமதம் செய்யாதே. அப்பா முகத்தைப் பார்க்க வருவதற்கு முன்னால் எனக்கு இது தெரிய வேண்டும்.

அக்கா


ஜூலை 28

அன்புள்ள அக்காவுக்கு,

அப்பா உடம்பு தேவலை.

கடிதத்தைத் தேடினேன். கிடைக்கவில்லை. போன மழையில் கூரை ஒழுகி, பெட்டியில் இருந்த காகிதமெல்லாம் நனைந்துவிட்டது. அதோடு போயிருக்கும். எனக்கும் சரியாக நினைவில்லை. யார் மேலும் தப்பில்லை என்று அப்பா சொல்லச் சொன்னார்.

உன் தங்கை


ஆகஸ்ட் 20

தங்கைக்கு,

உன் கடிதம் கிடைத்தது.

நான் சோதனைக்கூடத்தை விட்டுவிட்டேன். மாதிரிப் புட்டி கையில் நிற்பதில்லை. இரண்டு தடவை கீழே போட்டுவிட்டேன். இப்போது அதே ஆலையில் பின்புறம் பீப்பாய் கழுவுகிறேன். இதில் யாருக்கும் எதுவும் எழுதிக் கொடுக்க வேண்டியதில்லை.

எழுதவில்லை என்றே முடிவு செய்துவிட்டேன். எழுதியிருந்தால் அப்பா அதைக் கேட்காமல் விட மாட்டார். ஆனை வாலைப் பிடி என்று சொன்னாலும் அப்படியே பிடிக்கிற ஆள் அவர். நான் சொன்னதை ஒரு எழுத்து மாற மாட்டார். என் கடிதத்தை நம்பித்தானே ஆறு நாள் அதற்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்.

ஊருக்கு வரவில்லை. எந்த முகத்தோடு வருவது? அவர் பார்க்க முடியாது என்பதால் இந்த முகத்தைத் தூக்கிக்கொண்டு வரலாமா?

இதை அப்பாவுக்கு வாசிக்காதே. நான் நன்றாக இருப்பதாகச் சொல். உனக்கு நான் ஒரு கஷ்டம் கொடுக்கிறேன், தெரிகிறது.

அக்கா


செப்டம்பர் 9

அக்காவுக்கு,

எப்படிக் கூப்பிட்டு ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. நலமா என்று கேட்கவும் எனக்குத் தகுதியில்லை.

இந்த உறையில் உன் பிப்ரவரிக் கடிதத்தின் மூன்றாம் தாளை வைத்திருக்கிறேன். நனையவில்லை. ஒழுகவும் இல்லை. என் பாவாடைக்கு அடியில், பெட்டியில்தான் இருந்தது. மேலிருந்து ஏழாவது வரியைப் பார். நீ எழுதியிருக்கிறாய் அக்கா. வெளியில், முற்றத்தில் வைத்துக் காய்ச்சுங்கள், கொட்டகைக்குள் வேண்டாம், கண்ணைக் கெடுத்துவிடும். உன் கையெழுத்துதான். மசி கூடக் கலையவில்லை.

நான்தான் அதை வாசிக்கவில்லை.

அன்று அப்பா வாசற்படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். வாசித்துக்கொண்டே வந்த என் கண் அந்த வரியை முன்னாலேயே பார்த்துவிட்டது. முற்றம் என்றால் பொதுக் குழாய். காலையிலிருந்து பெண்கள் குடத்தோடு நிற்பார்கள். தையலம்மா ஜன்னல் அந்தப் பக்கம்தான். அங்கே வைத்துக் காய்ச்சினால் எல்லோரும் சுற்றி நின்று என்ன, ஏது என்று கேட்பார்கள். அப்பா எண்ணெய்க்குப் போயிருக்கும் நேரத்தில் நான்தான் பதில் சொல்ல வேண்டும். மூச்சு விடாமல் அடுத்த வரிக்குப் போனேன். மின்சாரத் தட்டுதான் என்று வாசித்தேன்.

அதோடு நின்றிருந்தாலாவது பரவாயில்லை. அப்பா கேட்டார். "எங்க வச்சுக் காய்ச்சச் சொல்றா? உள்ளயா வெளியவா?" அவர் கேட்டார் அக்கா. நான், "அதப் பத்தி ஒண்ணும் எழுதலப்பா" என்றேன். "அப்போ உள்ளயே வச்சுக்கலாம். காத்துல தட்டு சூடு ஏறாது" என்றார்.

கண் கெடும் என்பது எனக்கு உறைக்கவில்லை. புகை பட்டால் எரியுமே, அப்படி என்று நினைத்தேன். இரண்டாம் நாள் தையலம்மா கொட்டகை வாசலுக்கே வந்து, "இப்ப என்னத்தடி காய்ச்சுறீங்க? தலைய சுத்துது! வெளிய வா, வந்து பதில் சொல்லு!" என்றார். நான் போய்க் கதவைச் சாத்தினேன். ஜன்னலில் சாக்கைத் திணித்தேன். நான் வெளியே குழாயடி இல்லாத பக்கம் உட்கார்ந்து எண்ணெய் வடிகட்டினேன். அப்பா உள்ளே இருந்தார். "குட்டி, காத்தே வரலியே" என்றார். "கொஞ்ச நேரம்தான்ப்பா" என்றேன். நாலு நாள்.

நீ கேட்டு எழுதியபோது உண்மையைச் சொல்ல உட்கார்ந்தேன். மூன்று தாள் கிழித்தேன். அப்புறம், அக்கா தூரத்தில்தானே இருக்கிறாள், கொஞ்ச நாளில் மறந்துவிடுவாள், நான் அப்பாவோடு இதே வீட்டில் இருக்க வேண்டுமே என்று நினைத்தேன். அப்படி நினைத்தவள் நான். நீ பீப்பாய் கழுவுவதாக எழுதியதைப் படித்த பிறகுதான் பெட்டியைத் திறந்து இந்தத் தாளை எடுத்தேன்.

அப்பாவிடம் முதலில் சொன்னேன். நேற்றுக் காலை, முற்றத்தில். குழாயடியில் ஆட்கள் இருந்தார்கள். உள்ளே போய்ச் சொன்னால் மறுபடியும் ஏதாவது சொல்லித் தப்பித்துவிடுவேன் என்று அங்கேயே சொன்னேன். அவர், "அந்தக் கடுதாசி இருக்கா?" என்றார். இருக்கிறது என்றேன். "கொண்டு வந்து வாசி. முழுசா." முதலிலிருந்து வாசித்தேன். ஏழாவது வரியும் வாசித்தேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். "நல்ல புள்ள. சரியாத்தான் எழுதியிருக்கா" என்று உன்னைச் சொன்னார். ரொம்ப நேரம் கழித்து, "நீ அன்னைக்குச் சொல்லியிருந்தா நான் குழாயடியில ஒரு படுதா கட்டியிருப்பேனேம்மா" என்றார். அவ்வளவுதான். அடிக்கவில்லை. அடித்திருக்கலாம். சாயங்காலம் என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தபோது, "விடு. எம்புள்ளதான நீயும்" என்றார். தையலம்மா அன்று எங்கள் வீட்டுக்குக் குழம்பு கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

நீ சோதனைக்கூடத்துக்குத் திரும்பிப் போ. உன் கை ஒரு தப்பும் செய்யவில்லை.

எனக்கு நீ எழுத வேண்டாம். அப்பாவுக்கு எழுது.

தங்கை


அக்டோபர் 2

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலமாக இருக்கிறேன். உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? இந்தக் கடிதம் உங்களுக்கு. வாசிப்பவளுக்கு ஒன்று மட்டும்: எழுதியதை எழுதியபடி வாசி.

அந்தத் தாள் வந்தது. ஏழாவது வரியைப் பார்த்தேன். எனக்கு முதலில் வந்தது நிம்மதி அப்பா. உங்களுக்குக் கண் போயிருக்கிறது, எனக்கு நிம்மதி வந்தது. அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. ஆனால் வந்தது.

அடுத்து வந்தது கோபம். மூன்று மாதம் நான் என் அப்பாவைக் குருடாக்கியவள் என்று நினைத்துக்கொண்டு எழுந்தேன், படுத்தேன். பீப்பாய்க்குள் தலையை விட்டுக் கழுவும்போது வெளியே எடுக்காமலே இருந்துவிடலாமா என்று இரண்டு தடவை நினைத்தேன். அவளுக்கு அது தெரியாது. இப்போது தெரியட்டும். கடிதம் கையில் இருந்தது, எனக்கு நனைந்துவிட்டது என்று எழுதினாள்.

உங்கள் கண் போனதற்கு நீங்கள் அவளை மன்னித்துவிட்டீர்கள். கண் உங்களுடையது, உங்கள் இஷ்டம். நான் அவளை இன்னும் மன்னிக்கவில்லை. எப்போது முடியும் என்றும் தெரியவில்லை. அவள் சின்னப் பெண், கூச்சம், பயம் எல்லாம் எனக்கும் தெரியும். தூக்கி வளர்த்தவள் நான். தெரிந்தும் முடியவில்லை. சில நாள் அவள் முகம் நினைவுக்கு வந்தால் வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறேன்.

இந்த வரிகளை அவள் உங்களுக்கு வாசிக்காமல் தாண்டிப் போய்விடலாம். உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அக்கா நலம், சீக்கிரம் வருகிறாளாம் என்று சொல்லி மடித்து வைத்துவிடலாம். இருந்தாலும் அவள் கையில்தான் கொடுத்து அனுப்புகிறேன். எனக்கு வேறு வழியும் இல்லை.

டிசம்பரில் வருகிறேன் அப்பா. உங்களைப் பார்க்க. சோதனைக்கூடத்தில் மறுபடி கேட்டிருக்கிறேன், பார்க்கலாம் என்றார்கள்.

உங்கள் பெரிய மகள்


அக்டோபர் 19

பெரியவளுக்கு,

அப்பா சொல்லச் சொல்லத் தங்கை எழுதுகிறேன். அவர் வாயில் வருவதை அப்படியே எழுதச் சொல்லியிருக்கிறார்.

நான் நல்லா இருக்கேன்மா. கால்ல வெடிப்பு வராமப் பாத்துக்க. உன் கடுதாசி வந்துச்சு. குழாயடியில உக்காந்து கேட்டேன். நீ பீப்பாய்க்குள்ள தல விட்டதையும் கேட்டேன். அப்படியெல்லாம் நெனக்காத, எனக்கு மிச்சம் இருக்கிறது நீங்க ரெண்டு பேருதான். இவள இன்னும் மன்னிக்கலன்னு எழுதியிருக்க. வேற பக்கம் திரும்பிக்கிறன்னு எழுதியிருக்க. நிம்மதி வந்துச்சுன்னு எழுதியிருக்க, அதுக்கு வெக்கப்படாத, வரட்டும். மூணு எடத்துல இவளுக்குக் குரல் போயிடுச்சு. தண்ணி பிடிக்க வந்தவங்ககூடக் கொடத்த வச்சுட்டு நின்னாங்க. திரும்ப அதே எடத்துல இருந்து வாசிச்சா.

நீ டிசம்பர்ல வா. அவகூடப் பேசணும்னு இல்ல. வா.

இதையும் எழுதுறது அவதான். நான் சொன்னதத்தான் எழுதுறான்னு நான் நம்புறேன். நீயும் நம்பு.

அப்பா